பதினெட்டு வயதுக்குள் ஒரு பனிக்களம்

லோத்குண்டா என்னும் பெயரைத் தெலுங்கில் பிரித்துப் பார்த்தால் பொருள் உடனே விளங்கும். 'லோத்து' என்றால் ஆழம். 'குண்ட' என்றால் குட்டை. சிகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் ராஜீவ் நெடுஞ்சாலையின் ஓரத்தில் இன்று அடுக்குமாடிகளும் மருந்துக்கடைகளும் வங்கிக் கிளைகளுமே கண்ணில் படுகின்றன. சித்திரை வெயிலில் இப்பகுதி மக்கள் பனிக்கட்டியைக் காண்பது கரும்புச்சாற்றுக் கடையில்தான்.

இத்தகைய ஊரின் கிளையிலிருந்து ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்தியப் பெண்கள் அவ்விளையாட்டைக் கற்றுக்கொண்டதும் குட்டைகளில்தான். லடாக்கின் தலைநகரான லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள கர்சூ, குபுக்ஸ் ஆகிய குட்டைகள் டிசம்பர் இறுதியில் இறுகி, பிப்ரவரியில் இளகத் தொடங்கும். இடைப்பட்ட சுமார் இரண்டு மாதங்களே ஆட்டக்காலம். இரவில் உறைபனிக் குளிரில் தளத்தின் மீது நீரைப் பாய்ச்சிச் சமப்படுத்துவதும், விடியற்காலையில் பனித்தூளைப் பெருக்கித் தள்ளுவதும் ஆட்டக்காரர்களின் வேலையே. அண்ணன் தம்பியர் ஆடி முடித்த பின்னர், அவர்களுடைய காலணிகளையே இரவல் வாங்கி அணிந்து பயின்ற பெண்கள் அங்கு பலர். தொடக்க காலத்தில் ஆண்களுக்கும் முறையான காலணிகள் இருந்ததில்லை. இராணுவப் பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திச் சறுக்கினார்கள்.

விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பர். அவர்களுள் ஒருவர் கோல்கீப்பர். இருபது நிமிடங்கள் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் கெட்டியான ரப்பர் வட்டு. ஓர் அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட அவ்வட்டு, துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்திற்கு முன் உறைய வைக்கப்படுகிறது. பெண்கள் ஆட்டத்தில் உடலால் மோதித் தள்ளுவது தவறு; முகத்தை முழுவதும் மூடும் கம்பிக்கூடு கட்டாயம்.

மகளிருக்கான உலகச் சாம்பியன்ஷிப் 1990-ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கிற்று. 1998-இல் ஜப்பானின் நாகானோவில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களுக்கெனத் தனி உலகப் போட்டி வருவதற்கு மேலும் பத்தாண்டுகள் பிடித்தன. 2008 ஜனவரியில் கனடாவின் கால்கரி நகரில் நடைபெற்ற முதல் போட்டியின் இறுதியாட்டத்தில் அமெரிக்கா கனடாவை வென்றது. அன்று முதல் தங்கப் பதக்கம் அவ்விரு நாடுகளைத் தவிர வேறெங்கும் சென்றதில்லை. கணக்குப் புத்தகம் போலப் பார்த்தால் சலிப்பூட்டும் பட்டியல்தான். ஆனால் தங்கத்திற்குக் கீழே உள்ள வரிகளில் மாற்றம் தெரிகிறது. 2023-இல் சுவீடன் அணி அமெரிக்காவை அரையிறுதியிலேயே வெளியேற்றியது. 2024-இல் சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் செக் அணி கனடாவை அவ்வாறே வெளியேற்றி இறுதிக்குச் சென்றது. 2019-இல் ஜப்பானின் ஒபிஹிரோ நகரம் இப்போட்டியை நடத்தியது.

2023-ஆம் ஆண்டுப் போட்டியில் ஸ்லோவாக்கியாவின் நேலா லோபுஷானோவா என்னும் பதினான்கு வயதுச் சிறுமி, வலைக்குப் பின்னால் நின்றவாறே வட்டைத் தடியின் நுனியில் ஏந்தி, கம்பத்தின் மேல்மூலை வழியாக உள்ளே செருகினார். ஆண்களிலேயே சிலர்தாம் துணியும் வித்தை அது. அப்போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனையாகவும் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார். கால்கரியில் முதல் போட்டி நடைபெற்றதற்கு அடுத்த மாதம், 2008 பிப்ரவரியில் பிறந்தவர் அவர். போட்டியின் வயதும் அவருடைய வயதும் ஏறத்தாழ ஒன்று. தாம் நடக்கக் கற்ற நாள் முதலே தம் வயதுப் பெண்களுக்கு உலக மேடை ஒன்று இருந்த தலைமுறையைச் சேர்ந்தவர்.

இவ்விடத்தில்தான் நம் நாட்டுப் பெண்களின் கணக்கு வேறுபடுகிறது. முதன்மைப் பிரிவில் ஆடும் அந்த எட்டு அணிகளின் வரிசையில் இந்தியாவின் பெயர் இடம்பெற்றதில்லை. இந்திய மகளிர் தேசிய அணியே 2016-இல்தான் முதன்முறையாக ஒரு சர்வதேசப் போட்டியில், தைபே நகரில், களமிறங்கியது. வெளியரங்கக் குட்டையில் பயின்றவர்கள், கூரையின் கீழ் அமைந்த முழு அளவுத் தளத்தில் ஆட நேர்ந்தது. அவர்களுள் பலர் இருபது வயதைக் கடந்தவர்கள். அப்போட்டியில் தோல்விகளே மிகுந்தன. மறு ஆண்டு, 2017 மார்ச்சில், பாங்காக்கில் பிலிப்பைன்ஸ் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றார்கள். சர்வதேச அரங்கில் அதுவே அவர்களின் முதல் வெற்றி. அக்காலத்தில் பயணச் செலவுக்காகப் பொதுமக்களிடம் இணையவழியில் நிதி திரட்ட வேண்டியிருந்தது.

2018 ஜனவரியில் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர் லேக்கு வந்தார். நான்கு ஒலிம்பிக் தங்கங்களை வென்றவர். உறைந்த தளத்தில் சிறுமியரோடு தாமும் ஆடினார். அவ்வாண்டு நவம்பரில் இந்திய அணியைக் கால்கரிக்கு அழைத்தார். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில், த்செவாங் சுஸ்கித் தலைமையிலான இந்திய அணி வெண்கலம் வென்றது. இந்திய மகளிர் ஐஸ் ஹாக்கியின் முதல் பதக்கம். பாலைவன நாடொன்றில் கிடைத்தது என்பதை எண்ணி நாங்கள் சற்றுச் சிரித்துக்கொண்டோம். பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் பனித்தளம் உண்டு. இமயமலையில் இரண்டு மாதந்தான்.

அல் ஐன் பதக்கம் எமக்கு மகிழ்ச்சி அளித்தாலும், மற்றொரு கேள்வியையும் எழுப்பியது. இருபதில் தொடங்கியவர்கள் வெண்கலம் வென்றால், பத்து வயதில் தொடங்குபவள் எங்கே நிற்பாள்? அதற்கு விடை காணும் முன்னரே அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிடும் என்பதே சிக்கல்.

எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களுள், கண்டோன்மென்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தினர் பலர். சில மாதங்களுக்கு முன்னர் அவர்களுள் ஒரு தாயார் வந்தார். மகள் ரோலர் ஸ்கேட்டிங் பயில்கிறாள். "சார், பொண்ணு பேர்ல செல்வமகள் கணக்கு இருக்கு. அதிலேருந்து எடுத்து அவளுக்கு நல்ல ஸ்கேட்ஸ் வாங்கலாமா?" என்று கேட்டார். இயலாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், பெண் பதினெட்டு வயதை எட்டிய பின்னரோ பத்தாம் வகுப்பு தேறிய பின்னரோதான், அதுவும் கல்விச் செலவுக்காக, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை எடுக்கலாம். கணக்கு முதிர்வதோ தொடங்கிய நாளிலிருந்து இருபத்தோர் ஆண்டுகள் கழித்து. கல்விக்கும் எதிர்காலத்துக்கும் அது சிறந்த திட்டம். அதில் கை வைக்காமல் இருப்பதே நன்று. விளையாட்டுக்கு அதன் காலக்கணக்கு பொருந்தாது என்பதே செய்தி.

ஸ்கேட்ஸ் என்பது வங்கி மொழியில் விரைந்து தேய்மானமாகும் சொத்து. தேய்வது தகடு அன்று, வளர்வது கால். வளரும் பெண்ணுக்கு ஓரிரு ஆண்டுகளில் காலணி சிறுத்துவிடும். ஆகவே அந்தத் தாயாரிடம் ஒன்றிரண்டு ஆண்டுத் தவணையில் தனியாக ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கும்படி கூறினோம். அளவு மாறும் காலமும் வைப்பு முதிரும் காலமும் ஏறத்தாழ ஒத்துப்போகும். ஐஸ் ஹாக்கிக்கோ காலணியோடு முடிவதில்லை. தலைக்கவசம், தோள், முழங்கை, முழங்கால் காப்புகள், கையுறை, தடி என நீளும். கோல்கீப்பருக்கு உரியவை தனி, விலையும் கூடுதல். எனவேதான் கழகங்கள் இவற்றைப் பொதுச் சொத்தாக வைத்து, ஒருத்திக்குச் சிறுத்ததை மற்றொருத்திக்குக் கொடுக்கின்றன. லடாக்கில் பெண்கள் தாமே அமைத்துக்கொண்ட அறக்கட்டளை ஒன்று சிறுமியருக்கு முகாம்கள் நடத்தி வருகிறது.

ரோலர் ஸ்கேட்டிங்கா, ஐஸ் ஸ்கேட்டிங்கா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. 2025 ஜனவரியில் லேயில் நடைபெற்ற கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில், ஐஸ் ஸ்கேட்டிங் விரைவோட்டத்தில் தங்கம் வென்றவர்களுள் தெலங்கானாவின் நயனா ஸ்ரீ தல்லூரியும் ஒருவர். பனி பொழியாத மாநிலத்தின் பெண்.

தளத்தைப் பற்றிய கணக்கு இன்னும் கடினமானது. டெஹ்ராடூனில் 2011-இல், தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக, ஒலிம்பிக் அளவிலான உள்ளரங்கப் பனித்தளம் கட்டப்பட்டது. போட்டி முடிந்த பின்னர் அது நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2025-இல்தான் மீண்டும் உயிர் பெற்றது. கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் எவருக்கும் இக்கதை பழக்கமானதே. கட்டடத்துக்கு மூலதனம் கிடைக்கும்; நடத்துவதற்கான நடைமுறை மூலதனத்தை எவரும் திட்ட அறிக்கையில் போதிய அளவு எழுதுவதில்லை. பனித்தளத்தின் குளிரூட்டி இரவு பகலாக ஓட வேண்டும். ஆளில்லாத நாளிலும் மின்கட்டணம் வரும். தளம் பூட்டிக் கிடந்த காலத்தில், லேயில் பத்து வயதில் தடி பிடித்த ஒரு சிறுமி பதினெட்டைக் கடந்து, இளையோர் வயது வரம்பையும் தாண்டியிருப்பாள்.

லடாக்கில் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. குட்டை உறைவதும் அப்போதே என்பதால் படிப்புக்கும் ஆட்டத்துக்கும் மோதல் இல்லை. ஆனால் கோடையில் டெஹ்ராடூனில் பயிற்சி என்றால் பள்ளி நடந்துகொண்டிருக்கும். எனவே அத்தளத்துக்கு ஆண்டுச் செலவுத் திட்டம் தயாரிப்போர், குளிரூட்டியின் மின்கட்டணத்துக்குக் கீழே மேலும் மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்: லேயிலிருந்து சிறுமியர் வந்துபோகும் பயணச்சீட்டு, தங்குமிடம், தவறிய பாடங்களை மாலையில் நடத்த ஓர் ஆசிரியரின் ஊதியம்.