திருமூலர் காட்டும் யோக ஆழம்

யோகம் என்றவுடன் ஆதனமும் பிராணாயாமமுமே பலர் உள்ளத்துத் தோன்றும். அவற்றை நாள்தோறும் பயில்வோர், பயிற்சி ஆழமாதல் வேண்டின், புதிய ஆதனங்களைக் கூட்டுதலும் மூச்சடக்குங் காலத்தை நீட்டுதலுமே வழியெனக் கொள்கின்றனர். சைவ நூல்வழி அதுவோ என்பது ஈண்டு ஆராயப்படும்.

திருமந்திரத்து மூன்றாந் தந்திரம் இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டுறுப்புக்களையும் விரித்துரைக்கின்றது. பூரகம் 16 மாத்திரை, கும்பகம் 64, இரேசகம் 32 என மூச்சின் அளவும் ஆண்டுக் கூறப்பட்டுள்ளது. ஆயினும் இயம நியமங்களைக் கூறிய பின்னரே அவ்வளவு கூறப்படுதல் நோக்கத்தக்கது.

பதஞ்சலியார் நியமம் 5 எனக் கொண்டார். திருமூலர் அதனை 10 ஆக்கி, சிவபூசையையும் சித்தாந்தக் கேள்வியையும் அதனுள் அடக்கினார். பதஞ்சலியார் கூறிய இயமம் ஐந்தனுள் இல்லாத பகுத்துண்டலை, கொல்லாமை பொய்யாமைகளோடு ஒருங்கு வைத்தார்.

அற்றேல், இவை ஒழுக்கமாவதன்றி யோகமாதல் யாங்ஙனம் எனின், கூறுதும். சினமும் அவாவும் எழுங்கால் மூச்சு விரைந்து தடுமாறுதல் யாவரும் அறிந்தது. அவை அடங்காதவழி, பயிற்சிக் காலத்து அமைந்த மூச்சு எழுந்தவுடன் பழைய நிலையை எய்தும். மடை திறந்து காவிரி நீரைப் பாய்ச்சினும் வரப்பு உடைந்த வயலில் அது நில்லாது. இயம நியமங்களே அவ்வரப்பு என்க.

திருமூலர் வரலாறும் இதனை வலியுறுத்தும். முன்பு தஞ்சை மாவட்டத்தின் பாற்பட்டு, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் அடங்கிய திருவாவடுதுறையை வழிபட்டு நீங்கிய யோகியார், சாத்தனூர் ஆயனாகிய மூலன் இறந்துகிடக்க, ஆனிரை அவனைச் சூழ்ந்து கதறுதலைக் காவிரிக் கரையிற் கண்டார். அவற்றின் துயர் தீர்த்தற்பொருட்டே அவனுடலிற் புகுந்தார் என்பர் சேக்கிழார். திருவாவடுதுறையில் அரசினடியில் யோகத்தமர்ந்து நூலருளியது அதன் பின்னரே. பரகாயப் பிரவேசம் என்னும் அரிய சித்தி ஆக்களின் கண்ணீருக்காகப் பயன்பட்டது. எனவே, யோகத்தின் ஆழத்தை அளக்குங் கோல் அருளேயன்றிச் சித்தியன்று.

இனி, சரியை முதலிய நான்கனுள் மூன்றாவதாகிய யோகம் சகமார்க்கம் எனப்படும். அதாவது தோழமை நெறி. திருவாரூர்ப் பெருமானுக்குத் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் அதற்கு எடுத்துக்காட்டாவர். அதன் பேறு சாரூபம். தோழமைக்கு இயல்பு ஒத்தல் வேண்டும். இறைவன் இயல்போ அருள். அருளில்லாதான் மூச்சை எத்துணைக் காலம் நிறுத்தினும் அவ்வியல்பை எய்துதல் இல்லை.

ஆதலின், கும்பகத்தை நல்லாசிரியன் காட்டிய அளவிற் பயின்று, அன்றன்று உண்ட சோற்றில் பிறர்க்குப் பகுத்தது எவ்வளவு, சினந்த இடத்து அடங்கியது எவ்வளவு, சிவனை நினைந்த பொழுது எவ்வளவு என்று நோக்குதலே பயிற்சியை ஆழமாக்கும் வழியாம். ஆழம் என்பது எட்டாம் உறுப்பை நோக்கி விரைதலன்று. முதலிரண்டு உறுப்புக்களில் வேரூன்றுதல்.