ஒரே செயலி, பல சர்வர்: அமைவு சரியாக இருந்தால்தான் உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரும்

வருமானச் சான்றிதழுக்கு மொபைலிலேயே விண்ணப்பிக்கிறீர்கள். ஒன்றரை எம்பி அளவுள்ள ஆவணத்தைப் பதிவேற்றினால், 'பதிவேற்ற முடியவில்லை' என்று வருகிறது. அதே கோப்பை மறுபடியும் அனுப்பினால் ஏறிவிடுகிறது. 'நெட் சரியில்லை போல' என்று விட்டுவிடுவோம். பல நேரம் காரணம் நெட்தான். ஆனால் சில நேரம் காரணம் வேறு இடத்தில் இருக்கும்: உங்கள் கோப்பு முதல் முறை ஒரு சர்வருக்கும், இரண்டாம் முறை வேறொரு சர்வருக்கும் போயிருக்கும். இரண்டிலும் ஓடுவது ஒரே மென்பொருள்தான். செட்டிங் மட்டும் வேறு.

இந்த செட்டிங்கைத்தான் மென்பொருள் துறையில் 'கான்ஃபிகரேஷன்' என்கிறார்கள். தமிழில் 'அமைவு' எனலாம். அது என்ன, ஏன் தவறுகிறது, அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சர்வர் ஒன்றல்ல, பல

நீங்கள் திறக்கும் இணையதளம் ஒன்றுதான். அதன் பின்னால் நான்கு, எட்டு, சில நேரம் நூற்றுக்கணக்கான சர்வர்கள் இருக்கும். முன்னால் நிற்கும் 'லோட் பேலன்சர்' என்ற அமைப்பு, வருகிறவர்களை எந்த சர்வரில் கூட்டம் குறைவோ அங்கே அனுப்பிவிடும். வங்கியில் 'அந்தக் கவுன்ட்டருக்குப் போங்க' என்று கைகாட்டுவது மாதிரி.

இவை மக்கள் பயன்படுத்தும் சர்வர்கள். இவை போக, மென்பொருளை எழுதுபவர்களுக்கு ஒரு சர்வர், சோதிப்பவர்களுக்கு ஒரு சர்வர் என்று தனியாகவும் இருக்கும்.

அமைவு என்றால் என்ன?

நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடைக்கும் விதிமுறை ஒன்றுதான். ஆனால் கடை எண், எந்தத் தெருக்களுக்கான கடை, பொறுப்பாளர் யார் என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும். விதிமுறைதான் நிரல், கடைக்குக் கடை மாறுவதுதான் அமைவு.

ஒரு சர்வரின் அமைவில் இருப்பவை: எந்தத் தரவுத்தளத்தோடு பேச வேண்டும், ஓடிபி எந்த வழியாகப் போக வேண்டும், கட்டணம் வாங்க எந்த ரகசியச் சாவி, கோப்பின் அளவு எவ்வளவு வரை, எந்த நாட்டு நேரம். சோதனை சர்வரில் தரவுத்தளம் போலியானது, கட்டணச் சாவியும் சோதனைச் சாவி. நிஜ சர்வரில் எல்லாமே நிஜம். இரண்டும் கலந்துவிடவே கூடாது.

அப்டேட் எப்படி வருகிறது?

'தளம் மேம்படுத்தப்படுகிறது' என்று அறிவிப்பு வரும்போது, புதிய நிரல் ஒரு வரிசையில் பயணம் செய்துகொண்டிருக்கும். முதலில் நிரலைத் தொகுப்பார்கள். பிறகு தானியங்கிச் சோதனை, அதன்பின் சோதனை சர்வர், கடைசியாக நிஜ சர்வர்கள். இந்த வரிசைக்குத்தான் 'பைப்லைன்' என்று பெயர். எல்லா சர்வருக்கும் போவது ஒரே தொகுப்பு. போய்ச் சேரும் இடத்தில் அந்தந்த சர்வருக்கான அமைவு அதோடு சேர வேண்டும். தவறு நுழைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு சர்வர் விட்டுப்போனால்?

2012 ஆகஸ்ட் 1, அமெரிக்கா. நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் தன் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. கையால் செய்த வேலை. 7 சர்வர்களில் ஏறியது, ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் அங்கு இல்லை.

புதிய வசதியை இயக்க ஒரு பழைய சுவிட்சையே மறுபடியும் பயன்படுத்தியிருந்தார்கள். ஏழு சர்வர்களில் அந்த சுவிட்ச் புதிய வசதியை இயக்கியது. எட்டாவதிலோ, 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியிருந்த பழைய நிரலை எழுப்பிவிட்டது. அது நிறுத்தாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆணைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. சந்தை திறக்கும் முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்திருந்தும் யாரும் கவனிக்கவில்லை. பதற்றத்தில் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்க, அவையும் அதே தவறைச் செய்ய ஆரம்பித்தன. சுமார் 45 நிமிடத்தில் நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்தோடு இணைந்துபோனது.

அங்கே போனது பணம். மக்கள் சேவையில் இப்படி நடந்தால் போவது கல்லூரி இடமாக இருக்கலாம், உதவித்தொகையாக இருக்கலாம், ஒரு வேலைக்கான கடைசித் தேதியாகவும் இருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் நான்கு சிக்கல்கள்

கோப்பு அளவு: என்ஜின்எக்ஸ் என்ற பிரபலமான சர்வர் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால் 1 எம்பி வரைதான் ஏற்கும். பிஎச்பி மென்பொருளில் அது 2 எம்பி. ஒரு சர்வரில் மாற்றி, இன்னொன்றில் மறந்துவிட்டால், உங்கள் ஒன்றரை எம்பி கோப்பு ஒரு தடவை ஏறும், ஒரு தடவை ஏறாது.

நேரம்: பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அமைவில் இதைச் சொல்லாவிட்டால், அதிகாலை 3 மணிக்கு நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் முந்தின நாள் தேதி விழும். கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் இது சின்ன விஷயமா, சொல்லுங்கள்?

கட்டணம்: சோதனைச் சாவி நிஜ சர்வரில் தங்கிவிட்டால், திரையில் 'வெற்றி' என்று வரும், உண்மையில் ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது.

பாதுகாப்புச் சான்றிதழ்: ஒவ்வொரு தளத்துக்கும் காலாவதித் தேதியுள்ள டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. 2018 டிசம்பரில் பிரிட்டனின் ஓ2 வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கானோருக்கு மொபைல் இணையம் ஒரு நாள் முழுக்கத் தடைபட்டது. எரிக்சன் நிறுவனம் கொடுத்த மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதுதான் காரணம்.

பொறியாளர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

முதல் விதி, அமைவை நிரலுக்குள் எழுதக் கூடாது. வெளியே தனியாக வைக்க வேண்டும். இரண்டாவது, அதை அடுக்கடுக்காகப் பிரிப்பது. எல்லா சர்வருக்கும் பொதுவானது கீழடுக்கு, ஒரு குழுவுக்கானது நடு அடுக்கு, ஒரே ஒரு சர்வருக்கானது மேலடுக்கு. இரண்டு அடுக்கும் முரண்பட்டால் மேலடுக்கு சொல்வதே செல்லும். ஆன்சிபிள் போன்ற கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. மேலடுக்கு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சர்வருக்கு சர்வர் வித்தியாசம் குறையும்.

மூன்றாவது, கடவுச்சொல், சாவி போன்றவற்றைப் பூட்டிய பெட்டகத்தில் வைப்பது. 2016-ல் உபர் நிறுவனத்தின் நிரல் களஞ்சியத்தில் கிடந்த சாவியை எடுத்துத்தான், சுமார் 5.7 கோடி பேரின் விவரங்களைத் திருடினார்கள்.

நான்காவது, யாரும் சர்வரில் நேரடியாகக் கைவைத்து மாற்றாமல், எல்லா மாற்றமும் பைப்லைன் வழியாகவே போவது. அவசரத்துக்கு ஒரு சர்வரில் மட்டும் செய்த மாற்றம், நாலு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. ஐந்தாவது, புதிய நிரலை முதலில் ஒரே ஒரு சர்வரில் ஏற்றிப் பார்த்து, சரி என்றால் மட்டும் மற்றவற்றுக்குப் போவது. தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப வழியும் தயாராக இருக்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஒப்புகை எண் வந்தால்தான் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக அர்த்தம். எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துவையுங்கள். அடுத்த நாள் அந்த எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

• 'கட்டணம் வெற்றி' என்று திரை சொன்னாலும், கணக்கிலிருந்து பணம் கழிந்ததா என்று வங்கிக் குறுஞ்செய்தியில் பாருங்கள். பணம் கழிந்தும் ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். முதலில் பரிவர்த்தனை நிலையைச் சரிபாருங்கள்.

• கடைசி நாள் இரவு வரை காத்திருக்க வேண்டாம். கூட்டம் அதிகமானால் கூடுதல் சர்வர்களை அவசரமாகச் சேர்ப்பார்கள். அமைவுப் பிழை வர வாய்ப்புள்ள நேரம் அதுதான்.

• 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று உலாவி எச்சரித்தால், கடவுச்சொல்லோ ஓடிபியோ கொடுக்காதீர்கள். உங்கள் போனில் தேதி, நேரம் தவறாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும். அதை 'தானியங்கி' என்று வைத்துவிட்டுப் பாருங்கள்.

• புகார் செய்யும்போது 'சைட் வேலை செய்யல' என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தில், என்ன பிழைச் செய்தி, எத்தனை முறை முயன்றதில் எத்தனை முறை தவறியது என்று சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் மிக முக்கியம். 'காலை 10.15-க்கு ஏறவில்லை, 10.17-க்கு ஏறியது' என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், பொறியாளர் அந்த இரண்டு நேரத்துக்கான பதிவேடுகளை எடுத்து, எந்த சர்வரில் செட்டிங் மாறியிருக்கிறது என்று சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். அது சரியானால் பலன் உங்களுக்கு மட்டுமல்ல. புகார் செய்யத் தெரியாமல், 'நமக்குக் கிடைக்காது போல' என்று போனை மூடிவைத்துவிடுகிறவருக்கும் சேர்த்துத்தான்.