செயலிக்குள் திறக்கும் ஜன்னலில் கடனட்டை இலக்கத்தைக் கொடுக்கலாமா?

பேஸ்புக்கில் புடைவைக் கடையொன்றின் விளம்பரத்தைப் பார்க்கிறீர்கள். அதைத் தொட்டதும் கடையின் இணையத்தளம் திறக்கிறது. பேஸ்புக்கை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்றே பலரும் நினைக்கின்றனர். உண்மை அதுவல்ல. பெரும்பாலும் அந்தத் தளம் பேஸ்புக் செயலிக்குள்ளேயே, செயலி அமைத்துத் தந்த ஜன்னல் ஒன்றினூடாகத்தான் தெரிகிறது. இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகியவற்றிலும் இதே வழமைதான். இணையத்தில் வாங்குவோரும் விற்போரும் இந்த ஜன்னலைப் பற்றி அறிந்திருக்க வேண்டும் என்பதால் இவ்வாரம் இதனை எழுதுகிறேன்.

குரோம், சபாரி போன்ற தனி உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்துக்குள் வேறொரு செயலி கைவைக்க முடியாது. செயலியின் சொந்த ஜன்னலில் திறக்கும்போது நிலைமை வேறு. செயலியின் உரிமையாளர் தனது நிரல் வரிகளை அப்பக்கத்தில் சேர்த்துவிடலாம். நீங்கள் எதைத் தொடுகிறீர்கள், எந்த எழுத்தைத் தட்டுகிறீர்கள் என்பதை எல்லாம் அத்தகைய நிரலால் கவனிக்க முடியும்.

2022 ஓகஸ்ட் மாதம் பீலிக்ஸ் கிரவுசே என்ற மென்பொருள் ஆய்வாளர் இதனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். இவர் கூகுள் நிறுவனத்தின் முன்னாள் பொறியியலாளர். ஐபோனில் இன்ஸ்டகிராம், பேஸ்புக் செயலிகள் தம்முள் திறக்கும் பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்ப்பதை அவர் காட்டினார். டிக்டொக் சேர்த்த நிரல், விசைகள் தட்டப்படுவதைக் கவனிக்கக் கூடியதாக இருந்தது.

பாவனையாளரின் தடமறிதல் தெரிவை மதிப்பதற்காகவே நிரல் சேர்க்கப்படுகிறது என மெட்டா விளக்கமளித்தது. கோளாறுகளைக் கண்டறியவே நிரல் உள்ளது, தட்டும் எழுத்துக்களைச் சேகரிப்பதில்லை என்றது டிக்டொக். நிரல் இருப்பதனாலேயே தகவல் திருடப்படுகிறது என்று அர்த்தமில்லை என்பதை கிரவுசேயும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து சரிபார்க்கப் பாவனையாளருக்கு வழியில்லை. நிறுவனத்தின் வார்த்தையை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை என்பதே இங்குள்ள பிரச்சினை என்பது எனது கருத்து.

இத்தகவல்களின் பெறுமதியை ஓர் உதாரணத்தால் விளங்கலாம். 2021 ஏப்ரலில் அப்பிள் நிறுவனம், ஏனைய செயலிகளிலும் தளங்களிலும் பாவனையாளரைப் பின்தொடர்வதாயின் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்ற விதியை ஐபோனில் நடைமுறைப்படுத்தியது. இதனால் 2022இல் தனது வருமானத்தில் சுமார் 1,000 கோடி டொலர் பாதிப்பு ஏற்படலாம் என மெட்டா மதிப்பிட்டது. நாம் இலவசம் என்று நினைக்கும் செயலியின் வியாபாரம் எதில் தங்கியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

"முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். அந்தப் பூட்டு, உங்கள் தொலைபேசிக்கும் இணையத்தளத்துக்கும் இடையிலான பாதையைத்தான் காக்கிறது. பாதையின் இந்தப் பக்கத்தில், உங்கள் கையிலுள்ள செயலிக்குள்ளேயே சேர்க்கப்படும் நிரலை அது தடுக்காது.

அப்படியாயின் என்ன செய்வது? விளம்பரத்தைப் பார்ப்பதிலும் விலை விசாரிப்பதிலும் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கடவுச்சொல், கடனட்டை இலக்கம், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் ஆகியவற்றைக் கொடுக்கும் கட்டம் வந்தால் அந்த ஜன்னலை விட்டு வெளியேறுங்கள். பொதுவாக மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், வெளி உலாவியில் திறக்கும் வசதி கிடைக்கும். அது இல்லாவிட்டால் முகவரியைப் பிரதி செய்து உங்கள் உலாவியில் ஒட்டுங்கள். வங்கி அலுவல்களுக்கு வங்கியின் செயலியைப் பாவியுங்கள், அல்லது அதன் முகவரியை நீங்களே தட்டுங்கள்.

சமூக வலைத்தளங்களில் விளம்பரம் செய்யும் நமது வர்த்தகர்களுக்கும் இதில் பங்குண்டு. பணம் செலுத்தும் பக்கத்தைத் தனி உலாவியில் திறக்குமாறு வாடிக்கையாளருக்கு ஒரு வரியில் அறிவிக்கலாம். பொருள் கிடைக்கும்போது காசு கொடுக்கும் வசதியையும் வைத்திருக்கலாம். வாடிக்கையாளர் நம்மை நம்பித் தரும் விபரம் ஓர் அமானிதம். அது நமது கைக்கு வருமுன் மூன்றாம் நபர் பார்க்கக்கூடிய வழியை இயன்றவரை அடைப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.