பல் வைத்தியரிடம் போகும் காலம்

பல் வைத்தியர் என்றால் பல் பிடுங்குபவர் என்னும் எண்ணம் நம்மவரிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே அந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்திருப்பதற்குக் காரணம் உண்டு. நெடுந்தீவிலிருந்து ஒருவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல விரும்பினால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலிற் பயணஞ் செய்து குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய வேண்டும். அங்கிருந்து பேருந்தேறி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடக்க வேண்டும். நயினாதீவாருக்குக் கடற்பயணம் குறுகியது. ஊர்காவற்றுறையாருக்குத் தரைவழி உண்டு. ஆயினும் போய்வர ஒரு நாட் பொழுதும், அந்நாளின் உழைப்பும் கழிந்துவிடுகின்றன. சோளகம் வீசும் மாதங்களிற் படகு புறப்படுமா என்பதே ஐயம்.

ஆகவே தீவகத்தார் ஒரு கணக்குப் போடுகின்றனர். சிறு கூச்சத்துக்காக இவ்வளவு தூரம் போவானேன்? பொறுக்க முடியாத வலி வரட்டும். ஒரே பயணத்திற் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தால் தொல்லை தீர்ந்தது என்பதே அக்கணக்கு. கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் பல் நோயின் போக்கை அறிந்தவர்களுக்கு இக்கணக்குத் தலைகீழானது என்பது புலனாகும். தூரத்தில் வாழ்பவர்களே வலிக்கு முன்பாக வைத்தியரை நாட வேண்டியவர்கள்.

பல்லின் மேலுறை மிளிரி எனப்படும். நமது உடலில் அதனினும் வன்மையான பொருள் வேறில்லை. அதன் கீழே சற்று மென்மையான பகுதியும், நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் பொதிந்த பற்கூழும் உள்ளன. வாயில் வாழும் நுண்கிருமிகள் நாம் உண்ணும் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் மிளிரியிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. சிறிது நேரத்தில் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியை மீண்டும் படிய வைக்கிறது. உமிழ்நீருக்கு அந்த அவகாசத்தைக் கொடாமல் அடிக்கடி இனிப்பை வாயிலிட்டால் அழிவு மேலோங்குகிறது, சூத்தை உண்டாகிறது. எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதிலும் எத்தனை தடவை உண்கிறோம் என்பதே பல்லுக்கு முக்கியம். உள்ளங்கையிற் பனங்கட்டியை வைத்துக் கடித்துக் கடித்துத் தேநீர் அருந்தும் வழக்கம் நம் நாட்டிற் பழையது. பனங்கட்டி நல்ல உணவாயினும், அதுவும் இனிப்பே. சீனிக்கும் பனங்கட்டிக்கும் நுண்கிருமிகள் வேற்றுமை பாராட்டுவதில்லை. காலையும் மாலையும் உணவோடு சேர்த்து அருந்தினாற் கேடு குறையும். நாள் முழுவதும் இடையிடையே அருந்தினாற் கேடு பெருகும்.

மிளிரியில் நரம்பில்லை. ஆதலால் சூத்தையின் முதற்கட்டத்தில் வலியும் இல்லை. அது உள்ளே இறங்கிய பின்னரே குளிர்நீரும் சூடான தேநீரும் கூசுகின்றன. பற்கூழை எட்டியதும் இரவில் நித்திரையைக் கெடுக்கும் வலி எழுகிறது. பின்னர் வேரின் நுனியிற் சீழ் கட்டுகிறது. இவற்றைப் பயணக் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். முதற்கட்டத்திற் பெரும்பாலும் ஒரே பயணத்திற் பல்லை அடைத்துவிடலாம். பற்கூழ் கெட்டபின் பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் இரண்டு மூன்று பயணங்கள் வேண்டியிருக்கும். பிடுங்கிவிட்டு அந்த இடத்திற் கட்டுப்பல் வைக்க வேண்டுமானால் அளவெடுக்கவும், பொருத்திப் பார்க்கவும், திருத்தவும் இன்னும் பல பயணங்கள். வலியின்றிப் போகும் அந்த ஒரு பயணமே எல்லாவற்றிலும் மலிவானது.

வைத்தியரிடம் போனால் என்ன நிகழும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அச்சம் பாதி குறையும். முதலில் அவர் சில கேள்விகளைக் கேட்பார். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியன உண்டா, எந்த மருந்துக்காவது ஒவ்வாமை உண்டா, பெண்களாயின் கர்ப்பமுற்றிருக்கின்றனரா என்று வினவுவார். பல்லுக்கும் நீரிழிவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியப்பதுண்டு. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிடிற் புண் ஆறத் தாமதமாகும். முரசு நோயும் கடுமையாகும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களுக்குக் குருதிப்போக்கு நீளக்கூடும். ஆகவே கிளினிக் புத்தகத்தையும் அன்றாடம் உண்ணும் மருந்துகளையும் கையோடு கொண்டு செல்வது நன்று. பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே அம்மருந்துகளை நிறுத்துவது ஆபத்தானது.

அடுத்து வருவது ஊசியைப் பற்றிய அச்சம். ஒரு காலத்திற் பல் வைத்தியம் உண்மையிலேயே கொடுமையானதாகத்தான் இருந்தது. அக்கொடுமையை ஒழிக்க முன்னின்றவர்களுட் பல் வைத்தியர்களும் உளர். 1846ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, ஈதர் ஆவியால் நோயாளி வலியுணராதிருக்கச் சத்திரசிகிச்சை செய்யலாமென வெளிப்படையாக நிரூபித்துக் காட்டிய வில்லியம் மோட்டன் ஒரு பல் வைத்தியரே. இக்காலத்திற் பெருவழக்காக உள்ள லிக்னொகேயின் என்னும் விறைப்பு மருந்து 1943இற் சுவீடனில் ஆக்கப்பட்டது. ஊசி ஏறும்போது சிறு குத்தல் தெரியும். சில நிமிடங்களில் உதடும் கன்னமும் தடித்ததுபோலத் தோன்றும். அதன்பின் அழுத்தம் தெரியுமேயன்றிக் கூரிய வலி தெரியாது. தெரிந்தாற் கையை உயர்த்திச் சொல்லலாம். வைத்தியர் நிறுத்தி இன்னும் சிறிது மருந்து செலுத்துவார். விறைப்பு நீங்க இரண்டு மூன்று மணி நேரம் செல்லும். அதுவரை பிள்ளைகள் உணர்வற்ற உதட்டைக் கடித்துப் புண்ணாக்காமற் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல் அடைத்தல் என்பது சூத்தையான பகுதியை நீக்கிச் சுத்தஞ் செய்து, குழியை நிரப்புவதாகும். வெள்ளியும் இரசமும் கலந்த அடைப்பு முன்னர்ப் பெருவழக்காயிருந்தது. இப்போது அதன் இடத்தைப் பல்லின் நிறத்தை ஒத்த பொருள்கள் பிடித்து வருகின்றன. அடைத்த பல் ஓரிரு நாள் கூசுவது இயல்பு. கடிக்கும்போது உயரமாகத் தட்டுப்பட்டால் அவ்விடத்திலேயே சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சொல்வது இன்னொரு பயணத்துக்கு வழிவகுக்கும். வேர்ச் சிகிச்சை என்பது கெட்டுப்போன பற்கூழை அகற்றி, வேரினுள் இருக்கும் குழாயைத் துப்புரவாக்கி அடைப்பதாகும். முதல் நாளிலேயே வலி நீங்கிவிடுவதாற் பலர் அடுத்த முறை போவதில்லை. பாதியில் விட்ட சிகிச்சை, பல்லைப் பாதுகாப்பதில்லை.

பல்லில் ஊறிய காறையைச் சுரண்டினாற் பல் ஆடிவிடும் என்றொரு தப்பெண்ணமும் உண்டு. உண்மை வேறானது. காறை படியப் படிய முரசு வீங்கி, குருதி கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. ஆடும் பல்லைக் காறையே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பதுபோலத் தோன்றுகிறது. காறையை நீக்கியதும் முன்பே நேர்ந்துவிட்ட கேடு வெளிப்படுகிறது, அவ்வளவுதான். பல் துலக்கும்போது குருதி வருவது முரசு அனுப்பும் முதற்கடிதம். அதைக் கண்டு துலக்குவதை நிறுத்துவது தவறு.

சில பற்களைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கியபின் வைக்கப்படும் பஞ்சை அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். குருதி நின்றுவிட்டதென்று வைத்தியர் பார்த்துச் சொன்ன பின்னரே தீவகத்தார் படகுத்துறைக்குப் புறப்படுதல் நன்று. அன்று முழுவதும் வாயைக் கொப்பளிக்கவோ பலமாகத் துப்பவோ கூடாது. குழியில் உறைந்த குருதியே புண்ணை ஆற்றும் கட்டு. மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீராற் கொப்பளிக்கலாம். வெற்றிலை, சுருட்டு, மது ஆகியவற்றை விலக்க வேண்டும். மூன்றாம் நாளளவில் வலி குறையாமற் கூடுமானால் மீண்டும் காட்டுதல் அவசியம். வலியுள்ள இடத்தில் அஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்குவோர் உளர். அது முரசைச் சுட்டுப் புண்ணாக்கும்.

பிள்ளைகளின் வாயிலே பெற்றோர் அறியாது இழக்கும் ஒரு செல்வம் உண்டு. ஆறு வயதளவிற் பாற்பல் எதுவும் விழாமலே, வரிசையின் கடைசியிற் புதிதாக ஒரு கொடுப்புப்பல் முளைக்கிறது. விழுந்து முளைக்காத காரணத்தால் அதையும் பாற்பல் என்று எண்ணிச் சூத்தை பிடிக்க விட்டுவிடுகின்றனர். அது வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல், போனால் வராது. பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் காப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றும் முறையை 1921இல் நியூசிலாந்து தொடக்கியது. இலங்கையும் அவ்வழியைப் பின்பற்றிப் பாடசாலைப் பற் சிகிச்சையாளரைப் பயிற்றியது. பல் வைத்தியக் கல்வி 1943இற் கொழும்பில் ஆரம்பமாகி, 1954இற் பேராதனைக்கு மாறியது. அரசாங்க வைத்தியசாலைகளிற் பற் சிகிச்சை இலவசமாகவே அளிக்கப்படுகிறது. பாடசாலையிலிருந்து பிள்ளையிடம் சிகிச்சைக்கான துண்டு கொடுத்தனுப்பினால் அதைப் புத்தகத்துக்குள் மறைந்துபோக விடலாகாது.

விளையாட்டில் அடிபட்டு நிலைப்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. வேரைத் தொடாமல், மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தாற் சுத்தமான நீரில் ஒரு கணம் கழுவி, உடனே அதே குழியிற் பொருத்தி, துணியைக் கடித்திருக்கச் செய்ய வேண்டும். முடியாவிடிற் பாலில் இட்டுக் கொண்டுபோக வேண்டும். படகுக்குக் காத்திருக்க நேரும் தீவில் இம்முதலுதவியே பல்லைக் காக்கும். பாற்பல்லாயின் மீண்டும் பொருத்துதல் ஆகாது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணப் புகையிலை பெயர்பெற்ற பயிர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு அதைச் சேர்த்து மெல்லும் பழக்கமே நம் நாட்டில் வாய்ப்புற்றுநோய்க்கு முதற்காரணம்; இலங்கையின் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோயும் அதுவே. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதென 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீர்மானித்தது. கன்னத்தின் உட்புறத்திலோ நாவிலோ வெண்மையான அல்லது சிவந்த தழும்பு தோன்றினாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருந்தாலும், வலியில்லை என்று வாளாவிருக்கலாகாது. ஆரம்பத்திற் கண்டால் இந்நோய் குணமாகும்.

பற் சீழினாற் கன்னமோ தாடையின் கீழ்ப்பகுதியோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்பட்டால் அது உயிராபத்து. விடியட்டும் என்று காத்திராமல் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். படகில்லாத இரவொன்றில் இந்நிலை நேர்ந்தால் உண்டாகும் தவிப்பைத் தீவகத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரவின் தொடக்கம், பல மாதங்களுக்கு முன் கவனியாது விட்ட ஒரு சிறு கரும்புள்ளியே.

காலையிலும், முக்கியமாக இரவு படுக்கைக்குப் போகுமுன்னும், புளோரைட்டுச் சேர்ந்த பற்பசையால் துலக்குதல். இடையிடையே உண்ணும் இனிப்பைக் குறைத்தல். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல்லைக் காட்டுதல். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல. ஏதோ அலுவலாகக் குறிகட்டுவானில் இறங்கும் நாளொன்றிற் பல் வைத்தியரையும் கண்டு வருவதெனத் தீர்மானித்துக்கொண்டால், அதற்கெனத் தனிப் பயணமும் வேண்டியதில்லை. நோவில்லாத நாளே பல் வைத்தியரிடம் போவதற்கு ஏற்ற நாள்.