இடமறிந்து பேசும் நாவு



எருசலேம் ஆலயத்தில் புனித பவுலைப் பிடித்த மக்கள் கூட்டம் அவரைக் கொல்ல முயன்றது. உரோமைப் படைத்தலைவன் அவரை மீட்டு, சங்கிலிகளால் கட்டிக் கோட்டைக்குக் கொண்டு சென்றான். அவ்வேளையில் பவுல் அவனிடம் கிரேக்க மொழியில் பணிவோடு பேசினார். அவன் வியந்து, மக்களிடம் பேச அவருக்கு அனுமதி அளித்தான். பவுல் மக்கள் பக்கம் திரும்பி, சகோதரரே, தந்தையரே என விளித்து எபிரேய மொழியில் பேசத் தொடங்கினார். தங்கள் மொழியைக் கேட்டதும் கூட்டம் மேலும் அமைதியடைந்தது (திப 22:2).

எனினும், பிற இனத்தாரிடம் ஆண்டவர் தம்மை அனுப்பியதை அவர் கூறியபோது மக்கள் மீண்டும் கொதித்தெழுந்தனர். கேட்போருக்கு ஏற்ற மொழியைத் தேர்ந்த பவுல், அவர்களை மகிழ்விக்க உண்மையை மறைக்கவில்லை. அவரது பேச்சு முகத்துதியன்று. பகைத்தவர்களுக்கும் அவர் காட்டிய மதிப்பு.

நமது பேச்சு எத்தகையது? அலுவலகத்தில் மேலதிகாரியிடம் குழையும் நாவு, வீட்டு வாசலைத் தாண்டியதும் மனைவி மக்களிடம் கடுமையாகின்றது. செல்வந்தரான இளைஞரைப் பன்மையில் அழைக்கும் நாம், நம் வளவில் வேலை செய்யும் முதியவரை ஒருமையில் அழைக்கின்றோம். அதே நாவினால் ஞாயிறு திருப்பலியில் 'ஆமென்' என்று கூறி நற்கருணை நாதரை ஏற்கின்றோம்.

இவ்வாரம் அம்முதியவரை 'ஐயா' என்று அழைப்போம். நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வளரட்டும்.