ஊசி மாட்டும் இடம்

பழைய பாட்டு ஒன்று காதில் விழுந்தால் முதலில் யார் ஞாபகம் வருகிறது? பட்டணத்துக்காரரைக் கேட்டால் பாடியவர் பெயரைச் சொல்வார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கோ, லயத்தில் பெட்டி வைத்திருந்தவர் முகம்தான் முன்னால் வந்து நிற்கும்.

பெட்டி என்றால் கிராமபோன் பெட்டி. லயத்துக்கு மின்சாரம் எட்டிப் பார்க்காத காலம் அது. சாவி கொடுத்தால் பாடும்; கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும். பிறகு திருப்பிப் போட வேண்டும்.

பேராக்கில் நாங்கள் இருந்த தோட்டத்தில் எட்டாவது வீட்டுத் தாத்தாவிடம்தான் பெட்டி இருந்தது. பிள்ளைகள் எங்களுக்கு அவர் 'பெட்டித் தாத்தா'. சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப் போனவர்களில் ஒருவர். 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் இரு முனையும் சேர்ந்தது. போன நம்மவர்களில் எத்தனையோ பேர் அந்தக் காட்டிலேயே மண்ணாகிப் போனார்கள். தாத்தா திரும்பி வந்தார். மறுபடி உளி பிடித்து, காசு சேர்த்து, வாங்கிய முதல் சாமான் இந்தப் பெட்டி. பானை சட்டி வாங்காமல் இதை வாங்கினாரே என்று பாட்டி கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். அதே பாட்டிதான் பிளேட்டுகளைத் தன் பழைய சேலையில் சுற்றி வைப்பார். அது வேறு விஷயம்.

இருந்த பிளேட்டுகளில் எங்களுக்கு உயிர், 'மீரா' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியது. ஜப்பான்காரன் சரணடைந்த அதே 1945-ல் வந்த படம். நாய்ப்படம் போட்ட பிளேட்டு.

முறைப்படி பார்த்தால் ஒரு பக்கம் பாடி முடிந்ததும் ஊசியை மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி பிளேட்டைக் கீறிவிடும். பால்வெட்டிப் பிழைக்கிறவன் பாட்டுக்கு ஓர் ஊசி போட்டுக் கட்டுப்படியாகுமா? உளி தீட்டும் கல்லிலேயே ஊசியையும் தேய்த்துத் தேய்த்துப் போடுவார் தாத்தா. அதன் பலன், மீரா பாட்டில் ஓரிடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். எம்.எஸ். அம்மா ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருப்பார். தாத்தா பெட்டி ஓரத்தில் விரலால் லேசாக ஒரு தட்டு. பாட்டு நகரும். சம்பள நாள் ராத்திரியில் யார் தட்டுவது என்று எங்களுக்குள் அடிதடியே நடக்கும். அதுவும் பாட்டில் சேர்ந்ததுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம்.

1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்று சட்டம் வந்தது. தாத்தாவிடம் இருந்தது சிவப்பு அடையாளக் கார்டு. "இத்தன வருஷமா இங்கேயே கெடக்கோம், இதுக்கு மேல என்ன பேப்பரு?" என்று இருந்துவிட்டவர். அப்படி இருந்துவிட்டவர்கள் நம் தோட்டங்களில் ஒருவரா இருவரா? ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். எங்கள் லயத்தில் மட்டும் நாலு வீடு காலி. பினாங்கில் 'ரஜுலா' ஏறுமுன் தாத்தா அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, பொட்டி உங்கிட்டயே இருக்கட்டும். ஊர்ல நெலமயப் பாத்துட்டுத் திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

1974-ல் ரப்பர் விலை விழுந்தது. அம்மாவும் படுத்துவிட்டார். பெட்டியையும் பிளேட்டுகளையும் அப்பா பழைய சாமான்காரரிடம் முப்பது வெள்ளிக்குக் கொடுத்தார். மறு வருஷம் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம். பெட்டி பத்திரமாக இருக்கிறதா, பிள்ளைகள் போட்டுக் கேட்கிறார்களா என்று கடைசியில் கேட்டிருந்தார். அப்பா எழுதத் தெரியாதவர் அல்ல. ஆனால் பதில் போடவில்லை. பிறகு ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். நாங்களும் காரணம் கேட்டதில்லை. அடுத்த கடிதம் வரவேயில்லை.

இன்று அந்த லயமும் இல்லை. கித்தா மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தோம். பேரன் கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டைத் தேடிப் போட்டான். கீறல் இல்லாத சுத்தமான பாட்டு. அந்த இடம் நெருங்க நெருங்க எங்களுக்குப் பேச்சு நின்றது. பாட்டு மாட்டாமல் கடந்து போய்விட்டது. அக்காவின் விரல் மட்டும் மேசை ஓரத்தைத் தட்டிவிட்டு அப்படியே இருந்தது.

"என்னா பாட்டி?" என்றான் பேரன்.

"இங்கதான்டா மாட்டும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்கா உள்ளே போய் அப்பாவின் பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தார். நாகப்பட்டினம் கடிதம் அதில் இருந்தது. முகவரி மங்கினாலும் படிக்க முடிகிறது. தாத்தா இருக்க மாட்டார். பிள்ளைகளோ பேரன்மாரோ அந்த ஊரில் இருக்கலாம். இந்த வாரம் உட்கார்ந்து எழுதப் போகிறோம். பெட்டியை விற்ற கதையைத்தான் முதலில் எழுத வேண்டும்.