வீசி எறியும் தோலில் வீக்கத்தை அடக்கும் பொருள்!

கோடை வந்து விட்டால், கொரட்டூர் கடைத்தெருவில் சாத்துக்குடிச் சாறுக்குக் கிராக்கிதான். சாறு வயிற்றுக்குப் போகிறது. தோல் குப்பைக்குப் போகிறது. அந்தத் தோலில்தான் விஞ்ஞானிகள் கண் வைத்து இருக்கிறார்கள்.

வீக்கம் ஏன்?

காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இது கிருமிகளுடன் உடம்பு நடத்தும் சண்டை. அடிபட்ட இடத்தில் சில ரசாயனப் பொருள்கள் சுரக்கின்றன. அவை ரத்தக் குழாய்களை விரியச் செய்து, வெள்ளை அணுக்களை அங்கே வரவழைக்கின்றன.

சண்டை முடிந்ததும் வீக்கம் வடிய வேண்டும். வடியாமல் நீடித்தால் ஆபத்து. முடக்கு வாதத்தில் மூட்டுகள் கெடுவது இப்படித்தான்.

தோலில் என்ன இருக்கிறது?

ஆரஞ்சுத் தோலின் உட்புறம் பஞ்சு போல வெள்ளையாக இருக்கும். 1828-ம் ஆண்டில் லெப்ரடான் என்ற பிரெஞ்சுக்காரர் அதில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்தார். அதன் பெயர் "ஹெஸ்பெரிடின்". கமலா ஆரஞ்சு வகைகளின் தோலில் "நோபிலெட்டின்" என்ற பொருளும் உண்டு.

வீக்கம் உண்டாக்கும் ரசாயனங்கள் சுரப்பதை இவை குறைக்கின்றன. சோதனைக்கூடத்தில் உயிரணுக்களிலும், எலிகளிலும் இது தெரிய வந்து இருக்கிறது. ஹெஸ்பெரிடினும், அதன் இனத்தைச் சேர்ந்த டயோஸ்மினும் கலந்த மாத்திரையை மூல நோய்க்கும், கால் நரம்புச் சுருட்டுக்கும் டாக்டர்கள் கொடுப்பது உண்டு.

அவசரம் வேண்டாம்!

"அப்படியானால், தோலைத் தின்றால் மூட்டு வலி போய் விடுமா?" என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. சோதனையில் எலிக்குக் கொடுக்கும் அளவு வேறு. குழம்பில் சேரும் அளவு வேறு. மேலும், ஹெஸ்பெரிடின் எளிதில் உடம்பில் சேராது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்த பிறகே, ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கிறது.

ஆகவே, தோல் பொடியை நம்பி, வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. முடக்கு வாதத்தை வளர விட்டுக் கெட்டுப்போன மூட்டு, பழைய நிலைக்குத் திரும்புவது இல்லை.

பம்ப்ளிமாஸ் பழத்திலும் எச்சரிக்கை தேவை. ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றுக்கான சில மாத்திரைகளின் வேகத்தை அது அதிகமாக்கி விடும்.

சமையலில் சேர்க்கலாம்

ஆரஞ்சுத் தோல் குழம்பும், நார்த்தங்காய் ஊறுகாயும் தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. அளவோடு சாப்பிடலாம். ஊறுகாயில் உப்பு அதிகம் என்பதால், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தொட்டுக் கொள்வதோடு நிறுத்த வேண்டும்.

கடைப் பழத்தின் தோல் மீது பூச்சி மருந்தும், மெழுகும் இருக்கலாம். நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே தோலை நறுக்க வேண்டும்.